விமானப் படிவமும் இரண்டாவது இருக்கையும்

முப்பத்தோரு வருடம் ரயில் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். முகத்தைப் பார்த்து மனிதரை எடைபோட எனக்கு வராது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முகம் பாதிதான் தெரியும். படிவத்தைக் கையில் கொடுத்தால் சொல்லிவிடுவேன். பெயரை அடித்து எழுதியிருந்தால் கடைசி நேரத்தில் யாரோ வர மறுத்திருக்கிறார்கள். வயதை அடித்து எழுதியிருந்தால் சலுகைக்காக இரண்டு வருடம் கூட்டியிருக்கிறார்கள். அரைகுறையாக நிரப்பிய படிவம் வந்தால் அப்படியே வெளியே தள்ளிவிடுவேன். "மூணாம் நம்பரா? அந்தம்மா கடிக்கும், ரெண்டுல நில்லு" என்று வரிசையில் பேசிக்கொள்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது. பொய்யில்லை, கடிப்பேன்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் என் வீட்டுக்காரர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம், ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்த சூடு இன்னும் ஆறவில்லை. கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் அவருக்குப் புத்தி வேலை செய்யாது, காகிதம் வேண்டும், பென்சில் வேண்டும்.

"நீதான் படிவம் பாக்குறவளாச்சே. இதைக் கொஞ்சம் பாரேன்" என்றார்.

விமானத்துக்கான படிவம். டிக்கெட்டுக்கு அல்ல, விமானத்துக்கே.

வெளிநாட்டில் ஒரு கம்பெனி சின்ன விமானத்தைப் பாகம் பாகமாக மரப்பெட்டியில் அடைத்து அனுப்புகிறதாம். வாங்குகிறவர் அதை வீட்டில் வைத்து மூன்று நான்கு வருடம் பொறுமையாகச் சேர்த்துக் கட்டிப் பறக்கவிடலாமாம். முதலில் வால் வரும், பிறகு இறக்கைகள், பிறகு உடல், கடைசியில் எஞ்சின். ஆனால் என்ன மாதிரி விமானம் வேண்டும் என்பதை வாலுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் பதினொரு பக்கம்.

அவர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருடம் ஷீட் மெட்டல் பட்டறை நடத்தியவர். ஏசி குழாய், மின்பலகைப் பெட்டி, ஆஸ்பத்திரிக்கு ட்ராலி, எல்லாம் தகடு வளைக்கிற வேலை. அறுபது ஆனதும் பட்டறையைப் பார்ட்னரான பாயிடம் ஒப்படைத்துவிட்டு சிட்லபாக்கம் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்லக்கூடாது. உட்காரவே இல்லை. குழாயைக் கழற்றினார், கேட்டைக் கழற்றினார், என் மிக்சியைக் கழற்றினார். பிறந்ததிலிருந்து தாம்பரம், விமானப்படைத் தளம் இருக்கிற ஊர். தலைக்கு மேல் பயிற்சி விமானம் சுற்றும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்து மண்டபத்துக்கு வெளியே வந்ததும் அப்படித்தான் பார்த்தார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. பொருட்காட்சி ராட்டினத்தில் பாதி உயரம் போனதும் கத்தி, நிறுத்தச் சொல்லி இறங்கியவள் நான். அவர் படிவத்தை நீட்டிய அன்றைக்கு எனக்குள் புகுந்த பயம் ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதர் ஒருநாள் இதில் ஏறிப் போவார், இறங்கி வரமாட்டார்.

"ஓட்ட யாரு கத்துக்குடுப்பாங்க? லைசென்ஸ்? உடம்புக்கு சர்ட்டிபிகேட் கேக்க மாட்டாங்களா?" என்றேன்.

"கட்டி முடிக்கவே மூணு வருஷம். அதுக்குள்ள எல்லாம் ஆயிடும். சர்ட்டிபிகேட் கடைசியிலதான்."

கடைசியில் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் படிவத்தைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்தால் என்னால் கீழே வைக்க முடியாது, அது என் வியாதி.

காலைச் சாப்பாடு முடிந்ததும் தினமும் ஒரு பக்கம் பார்த்தோம். சின்ன சக்கரம் மூக்குக்குக் கீழே வேண்டுமா, வாலுக்குக் கீழே வேண்டுமா? எது குடை சாயும் என்று கேட்டேன். வால் சக்கரம் பழகாதவன் கையில் தரையிலேயே சுற்றிக்கொள்ளும் என்றார். மூக்குக்கு டிக். பெட்ரோல் டேங்க் இறக்கைக்குள்ளா, முழங்காலுக்கு முன்னாலா? முழங்காலுக்கு முன்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு யாராவது உட்காருவார்களா என்று கத்தினேன். இறக்கைக்கு டிக். தலைக்கு மேலே கண்ணாடி மூடி பின்னால் நகர்வதா, மேலே தூக்கிக்கொள்வதா? "வண்டி தலைகீழா கவுந்தா எது தொறக்கும்?" என்றேன். அவர் பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு "நல்ல கேள்வி" என்றார். பதில் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் சும்மா முளைக்காது. எங்கோ யாருக்கோ ஏதோ ஆன பிறகுதான் அந்தக் கட்டத்தை அச்சடிப்பார்கள். இது என் உத்தியோகம் கற்றுக்கொடுத்தது. அதனால் அந்தப் பதினொரு பக்கத்தில் அவர் வசதிகளைப் படித்தார், நான் விபத்துகளைப் படித்தேன். ஒவ்வொரு கேள்விக்குள்ளும் யாரோ ஒருவர் செத்துப்போயிருந்தார். ரசத்தைக் கிண்டிக்கொண்டு நிற்கும்போது நாலாம் பக்கத்துக் கேள்வி ஞாபகத்துக்கு வந்து கரண்டி நின்றுவிடும்.

ஆறாம் பக்கத்தில் இருக்கை. ஒன்றா, இரண்டா? அவர் என்னிடம் கேட்கவே இல்லை. இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் என்று பென்சிலை அழுத்தி டிக் அடித்துவிட்டு, "உன் எடை எவ்வளவு?" என்றார். உள்ளே யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை வைத்துத்தான் விமானம் நேராக நிற்குமாம். நான் பழக்க தோஷத்தில் நாலு கிலோ குறைத்துச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் நிம்மதியில்லை. என் நாலு கிலோவால் வானத்தில் மூக்கு ஒருபக்கம் சாய்வது போலவே கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று உண்மையைச் சொன்னேன். "தெரியும், அஞ்சு கூட்டித்தான் போட்டிருக்கேன்" என்றார். கடுப்பாகிவிட்டது எனக்கு.

ஒன்பதாம் பக்கத்தில் பாராசூட் வந்தது. ஆளுக்கு இல்லை, முழு விமானத்துக்கும். இருக்கைக்கு அருகே ஒரு சிவப்புப் பிடி இருக்கும். எதுவும் கையை மீறிப் போனால் அதை இழுக்கவேண்டும். பெரிய குடை விரிந்து விமானத்தையே தொட்டில் மாதிரி இறக்கிவிடும்.

"பதினஞ்சு கிலோ எடை. அந்த எடைக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல் போட்டுக்கலாம்" என்று இழுத்தார்.

"டிக் அடிங்க."

"யோசிக்கலாமே."

"அடிங்கன்னேன். இல்லைன்னா மீதி ரெண்டு பக்கத்தை நான் தொடமாட்டேன்."

அடித்தார். நான் பென்சிலைப் பிடுங்கி அதன் மேலேயே இன்னொரு முறை அடித்தேன். அந்தச் சிவப்புப் பிடி இருக்கிறது என்ற ஒரு நினைப்பில்தான் அதன்பிறகு என்னால் பயத்தோடாவது இருக்க முடிந்தது.

அடுத்த வேலை, இது வீட்டில் அடங்குமா என்று பார்ப்பது. உடலைக் கார் ஷெட்டில் வைத்துக் கட்டலாம். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஏரி வாசல்வரை வந்துவிட்டுப் போகும், ஆகவே பெட்டிகளை இடுப்பளவு சிமெண்ட் கட்டையில் ஏற்றிவைக்க வேண்டும். இறக்கையோடு சேர்த்து எவ்வளவு பெரியது என்று கண்ணால் பார்க்க மொட்டை மாடியில் முழு அளவில் படம் போட்டார். பட்டறையில் தகட்டின் மேல் கோடு போடுவது போலத்தான்: சுண்ணாம்பில் தோய்த்த நூலின் ஒரு முனையை நான் பிடிக்கவேண்டும், அவர் மறுமுனையை இழுத்து நடுவில் சுண்டுவார், தரையில் நேர்கோடு விழும். ஒரு காலை முழுக்கச் சுண்டினோம். இடது இறக்கை கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுப் பக்கம் போய்விட்டது. மீதிக்கு ஒரு மூங்கில் கழியைச் சுவரின் மேல் நீட்டி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட வந்தவர் கழியைப் பார்த்து, "என்ன சார், ஷெட் போடப்போறீங்களா? எங்க பக்கம் தண்ணி ஊத்தாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படத்தின் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். தோளோடு தோள் இடித்தது. இந்தப் பக்கம் கைநீட்டினால் கோடு, அந்தப் பக்கம் அவர். அவ்வளவுதான் இடம். தரையில்தான் உட்கார்ந்திருக்கிறோம், கீழே சமையலறை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் நாற்காலியின் கையை விடவில்லை. அவர் காற்றில் ஒரு கம்பியைப் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வயதுப் பையன் முகம்.

அதற்கு அடுத்த ஞாயிறு பாய் வந்தார். பட்டறையில் மீந்த அலுமினியத் தகடும், ஆணியடிக்கும் காற்றுத் துப்பாக்கியும் கொண்டுவந்தார். படிவத்தில் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணிக்கும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு ஆளே ஒரு பக்கத்திலிருந்து இழுத்து மாட்டிவிடுவது. இன்னொன்று கெட்டி ஆணி. ஒருவர் முன்னாலிருந்து துப்பாக்கியால் அடிக்க, இன்னொருவர் தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கவேண்டும். இதற்குத்தான் உறுதி அதிகம் என்று அவர் கெட்டி ஆணிக்கு டிக் அடித்திருந்தார். கட்டை பிடிக்கும் ஆள் நான் என்பதும் எனக்குத் தெரியாமலே முடிவாகியிருந்தது.

"பயப்படாதீங்க அண்ணி, கைய மட்டும் ஆட்டாதீங்க. ஆட்டினா ஆணி கோணிக்கும், அவ்ளோதான்" என்றார் பாய்.

அடித்தார்கள். தகடு வழியாக அதிர்ச்சி முழங்கைவரை ஏறியது. எட்டு ஆணியில் ஐந்து கோணல். "பரவாயில்லை, இன்னும் நாலாயிரம் சொச்சம் இருக்கு பழகறதுக்கு" என்று அவர் சிரித்தார். நான் அந்த ஐந்து கோணல் ஆணிகளையும் எண்ணிக்கொண்டு படுத்தேன். என் கை நடுங்கியதால் ஒரு இறக்கை கழன்று விழுமானால் அதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இப்படி இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் காலை அவர் ஏரிக்கரைக்கு நடக்கப் போயிருந்தார். படிவத்தை அனுப்பும் முன் ஒருதரம் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று எடுத்தேன்.

நாலு இடத்தில் அடித்து எழுதியிருந்தது.

ஆறாம் பக்கத்தில் இரண்டு இருக்கை அடிக்கப்பட்டு, ஒன்று. என் எடை அடிக்கப்பட்டு, சைபர். ஆணி, ஒரு ஆள் இழுக்கும் வகை. ஒன்பதாம் பக்கத்தில் நான் இரண்டாம் முறை அழுத்தி அடித்த டிக்கின் மேலே ஒரு கோடு. பாராசூட் வேண்டாம்.

கவுண்டரில் இருந்தபோது ஒரு பெயரை மட்டும் அடித்தால் கேட்கமாட்டேன். ஒரே ஆளுக்காக நாலு இடம் அடித்திருந்தால் நிமிர்ந்து பார்ப்பேன். இந்தப் படிவத்திலிருந்து ஒரு ஆளை இறக்கிவிட்டிருந்தார்கள். அந்த ஆள் நான்.

மாடிக்கு ஓடினேன். ஒரு நாற்காலி எடுக்கப்பட்டிருந்தது. மற்றது நடுவில் இருந்தது.

அவர் வந்ததும் கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே "எடை" என்றார். "ஒத்தை சீட்டுன்னா சின்ன எஞ்சின் போதும். சீக்கிரம் கட்டிடலாம். உனக்கும்தான் பயமாச்சே."

"பாராசூட்டு?"

"அதுவும் எடைதான்."

முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏறவேண்டாம், கட்டை பிடிக்கவேண்டாம், தப்பித்தாயிற்று. ஆனால் அன்று முழுக்க அந்தப் படிவத்தையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எடையைக் குறைக்கிறவர் பெரிய டேங்க்கை அடிக்கவில்லையே. மெத்தை வைத்த இருக்கையை அடிக்கவில்லையே. என்னையும் அந்தச் சிவப்புப் பிடியையும் மட்டும் ஏன் எடுத்தார்?

மறுநாள் சேலையூருக்குப் பூ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துத் திருமுடிவாக்கம் போனேன். பட்டறைக்குள் அவ்வளவு சத்தம். பாய் என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தச் சொன்னார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர் முகம்தான் மாறியது. கண்ணாடித் தடுப்பு இல்லாததாலோ என்னவோ, அன்றைக்கு எனக்கே முகம் புரிந்தது.

"அண்ணே சொல்லிட்டாரா?" என்றார்.

"ம்" என்றேன். அந்த ஒரு எழுத்துப் பொய்க்கு நான் வருத்தப்படவில்லை.

"நல்லதாப் போச்சு அண்ணி. எனக்கு நெஞ்சுல பாரமா இருந்துச்சு. யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. போன மாசம் இங்க வந்தப்போ, அதோ, அந்தத் தகடு வெட்டுற மெஷினாண்ட நின்னுகினு இருந்தாரு. பேசிக்கினே இருந்தவரு அப்படியே கண்ணு மேல போயி முன்னாடி சாய்ஞ்சாரு. சட்டைக் காலரைப் புடிச்சு இழுத்தேன். ஒரு அடி தள்ளியிருந்தா தலை உள்ள போயிருக்கும். ஒரு நிமிஷம்கூட இல்ல, எழுந்து டீ கேட்டாரு. டாக்டராண்ட போலாம்னேன். போனா உடம்பு சர்ட்டிபிகேட்டு கிடைக்காதுன்னுட்டாரு."

மெஷினைப் பார்த்தேன். அதன் வாய் மூடியிருந்தது. ஒரு ஆள் உயரம் அகலம். திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார், எதற்கும் பதில் சொன்னதாக நினைவில்லை. பூ வாங்க மறந்துவிட்டேன்.

அவர் மொட்டை மாடியில் இருந்தார். பழைய கோடுகளை ஈரத்துணியால் அழித்துவிட்டு ஒற்றை ஆள் விமானத்தின் அளவை எடுத்துக்கொண்டிருந்தார். டேப்பின் ஒரு முனையைச் செங்கல்லால் அழுத்திவைத்திருந்தார். நூல் போட்டபோது அந்த முனையில் நான் இருந்தேன்.

"பாராசூட்டை ஏன் அடிச்சீங்க?" என்றேன்.

"எடைன்னு சொன்னேனே."

"பாயைப் பாத்துட்டு வரேன்."

டேப்பை விட்டார். அது சரசரவென்று சுருண்டு பெட்டிக்குள் போயிற்று. அங்கே இருந்த ஒற்றை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் கைப்பிடிச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அதை இழுக்கறதுக்கு நான் முழிச்சிருக்கணுமே."

எவ்வளவு நிதானமாகச் சொன்னார் தெரியுமா? பால் வாங்கிவிட்டேன் என்பதைப் போல. எல்லாம் யோசித்திருக்கிறார். மேலே போவேன், கண் இருட்டும், அப்போது பிடி எதற்கு என்று யோசித்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு ஆள் எதற்கு என்றும் யோசித்திருக்கிறார். பென்சிலை எடுத்து அமைதியாக அடித்திருக்கிறார். நாலு கோட்டில் தன் சாவுக்குத் திட்டம்போட்டு, அதில் எனக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு கோபம் கவுண்டரில் யார் மேலும் எனக்கு வந்ததில்லை.

கீழே போனேன். கூடத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். மூச்சு வாங்கியது. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒட்டி, அதைப் போட்டேன். இடுப்பில் செருகியிருந்த கர்சீப்பை எடுத்து அதன்மேல் போட்டேன். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கர்சீப்பைப் போட்டால் அந்த சீட் நம்முடையது. வேறு யாரும் உட்காரமாட்டார்கள், கண்டக்டரே வந்தாலும் எடுக்கமாட்டார். ஊருக்கே தெரிந்த சட்டம் இது.

"சீட்டு போட்டாச்சு. நீங்க போறதுன்னா நானும் வரேன்" என்றேன்.

"விளையாடாதே."

"யார் விளையாடறது? ராட்டினத்துல ஏறமாட்டேன், மாடிக் கைப்பிடி ஓரம் நிக்கமாட்டேன், இதுல வருவேன். ரெண்டு சீட்டு. பாராசூட்டு. பிடி ரெண்டு பேருக்கும் நடுவுல. நீங்க தூங்கிட்டா நான் இழுக்கறேன்."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எனக்கு ஏதாவது ஆகும்னா நீங்க ஏறமாட்டீங்க இல்ல? உங்களுக்கு மட்டும் ஆகும்னா ஏறுவீங்க. அப்ப நான் பக்கத்துல உட்காந்துதான் ஆகணும்."

உண்மையாகவே பயமாக இருந்தது. அவர் சரி என்று சொல்லிவிட்டால் நான் ஏறித்தான் ஆகவேண்டும், வாய் விட்டுவிட்டேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே ஏதோ ஒன்று இரைந்துகொண்டு போயிற்று. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. கர்சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட போனா இதெல்லாம் முடிஞ்சிடும்" என்றார் கடைசியில். "கட்டவே வேணாம்னு ஆயிடும்."

"கட்டலாம். கட்டறதுக்கு யார் சர்ட்டிபிகேட் கேட்டா? நாலாயிரம் ஆணியையும் நான் பிடிக்கறேன். பறக்கறதை அப்புறம் பாப்போம்."

அவர் கர்சீப்பை எடுக்கவில்லை. சாயங்காலம் கீழே வந்து, குரோம்பேட்டை இதய டாக்டருக்கு டோக்கன் போடச் சொன்னார். படிவம் இன்றுவரை அலமாரியில்தான் இருக்கிறது, அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

டாக்டரிடம் ஆட்டோவில்தான் போனோம், ஸ்கூட்டரை எடுக்க நான் விடவில்லை. வரவேற்பில் இருந்த பெண் ஒரு தாளைக் கொடுத்தாள். இரண்டு பக்கம். கிளிப் வைத்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரே எழுதினார். நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை, இல்லை. புகை, இல்லை. மயக்கம் வந்ததுண்டா என்ற இடத்தில் பேனா நின்றது. எங்கே இல்லை என்று எழுதிவிடுவாரோ என்று அட்டையின் மேல் குனிந்தேன். உண்டு என்று எழுதினார். எத்தனை முறை என்று அதற்குக் கீழே ஒரு கட்டம்.

மூன்று என்று எழுதினார்.

எனக்குத் தெரிந்தது ஒன்று.

"மூணா?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணு மாடியில, நூல் போட்ட அன்னிக்கு, நீ கீழ போயிருந்தப்போ. ஒண்ணு பட்டறையில." நிறுத்தினார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "அது ரெண்டுக்கும் நான் படிவத்தைத் தொடலை. மூணாவதுக்குத்தான் தொட்டேன்."

"எங்கே?"

"கேம்ப் ரோடு சிக்னல்ல. வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு. கண்ணு இருட்டிப் போச்சு. எவ்வளவு நேரம்னு தெரியல. பின்னாடி ஹாரன் அடிச்சாங்க. நீ என் முதுகுல தட்டி, பச்சை விழுந்தாச்சு, தூங்கறீங்களான்னு கத்தினே. அதுலதான் எனக்கு நினைவு வந்துச்சு."

அவர் சொல்லச் சொல்ல நான் அந்த நாளைத் தேடினேன். என்ன புடவை, எங்கிருந்து வந்தோம், கையில் பை இருந்ததா, ஓடிக்கொண்டிருந்தபோது இருட்டியிருந்தால் எந்தப் பக்கம் விழுந்திருப்போம். ஒன்றும் அகப்படவில்லை. நான் அவர் முதுகில் தட்டிக் கத்தாத சிக்னல் எது?